கல்லூரியில் 'இருட்டு நடை' நடத்தப் போகிறீர்களா? காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

'டயலாக் இன் தி டார்க்' என்ற நிகழ்ச்சியைப் பற்றி வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் சமூக நிறுவனம் (சமூக நோக்கத்துக்காக நடக்கும் தொழில்) என்ற பாடம் வரும்போது யாராவது பேசுவார்கள். கும்மிருட்டான அறைகள், கையில் வெள்ளைக்கோல், முன்னால் பார்வையற்ற ஒரு வழிகாட்டி. பூங்கா, தெரு, கடை என்று நடந்துபோய்க் கடைசியில் இருட்டிலேயே காபி குடித்துவிட்டு வெளியே வருவீர்கள். ஆண்ட்ரியாஸ் ஹைனெக்கே 1988இல் ஜெர்மனியில் தொடங்கியது இது. பிறகு பல நாடுகளுக்குப் பரவி இந்தியாவில் ஹைதராபாத் வரை வந்திருக்கிறது. பாடம் முடிந்ததும் மாணவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், இதை நம்ம காலேஜில் பண்ணலாமா?"

பண்ணலாம். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் கேட்பார்கள், எங்கே பணம் கரையும், எதில் நாள் போகும் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஹைதராபாத் போவதா, இங்கேயே நடத்துவதா?

பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட முதுகலை வகுப்பு என்றால் ஹைதராபாத் போவதே நல்லது. வருடக்கணக்காக இதையே தொழிலாகச் செய்பவர்களின் நேர்த்தி நமக்கு ஒரு நாளில் வராது. நிகழ்ச்சி அங்கே இனார்பிட் மாலில் நடந்துவருகிறது. ரயிலில் முன்பதிவு செய்வதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்து நாள், நேரம், குழுக் கட்டணம் மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். குழுவில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் இருந்தால், ரயில்வே கொடுக்கும் சலுகை அடையாள அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு, கூடப் போகும் ஒருவருக்கும் உண்டு. அட்டை கைக்கு வர நாளாகும்.

அறுபது எழுபது பேர் என்றால் பயணம், தங்கல், சாப்பாடு என்று செலவு எங்கேயோ போய்விடும். இங்கேயே நடத்துங்கள். இனி நான் சொல்வது அதற்குத்தான்.

2. வழிகாட்டிகள் கிடைக்காமல் தேதி குறிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாணவர்களின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிட்டு "பார்வையற்றோர் படும் பாட்டை உணருங்கள்" என்று வராந்தாவில் நடக்கவிடுவது பல கல்லூரிகளில் வழக்கம். செலவில்லை, புகைப்படமும் நன்றாக வரும். ஆனால் அது கற்றுக்கொடுப்பது தப்பான பாடம். அமெரிக்காவில் ஆரியல் சில்வர்மன் என்ற பார்வையற்ற உளவியலாளர் தன் சகாக்களோடு இதை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவர்கள், அதன்பிறகு பார்வையற்றவர்களின் திறமையைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். வேலை பார்க்கவும் தனியாக வாழவும் அவர்களால் முடியாது என்ற எண்ணம்தான் கூடியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கண் கட்டிய முதல் பத்து நிமிடத்தில் நமக்குக் கிடைப்பது பதற்றம் மட்டும். பார்வையற்ற ஒருவர் பல வருடமாகப் பழகிச் சேர்த்த திறமை அந்தப் பத்து நிமிடத்தில் எங்கே வரும்? நம் பயத்தை அவருடைய வாழ்க்கை என்று நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

வழிகாட்டி கூட இருந்தால் கதையே வேறு. அதே இருட்டில் அவர் சாதாரணமாக நடக்கிறார், சில்லறை எண்ணிக் கொடுக்கிறார், யார் எங்கே பின்தங்கினார்கள் என்று குரலை வைத்தே சொல்கிறார். மாணவன் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறான். இங்கே திறமைசாலி யார், உதவி தேவைப்படுபவர் யார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 'டயலாக் இன் தி டார்க்' நிறுவனத்தின் சரக்கும் இதுதான். மற்ற இடங்களில் குறை என்று ஒதுக்கப்படும் ஒன்று அங்கே வேலைக்கான தகுதி. பார்வை உள்ளவர் காசு கொடுத்து உள்ளே வருகிறார், பார்வையற்றவர் சம்பளம் வாங்குகிறார். வழிகாட்டி கிடைக்கவில்லையா, நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுங்கள். துணி கட்டிச் சமாளிக்க வேண்டாம்.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் கல்லூரியிலேயே பாருங்கள். பார்வையற்ற பேராசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர்களிலும் வங்கி ஊழியர்களிலும் இருக்கிறார்கள். அடுத்து, அழகப்பா பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்வித் துறையில் விசாரிக்கலாம். சிவகங்கையில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். மதுரையில் சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் 1985 முதல் இருக்கிறது. ஒருவர் கிடைத்தால் போதும், மற்றவர்களை அவரே சொல்லிவிடுவார்.

அறுபது மாணவர்களுக்கு மூன்று வழிகாட்டிகள் வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், காரணத்தை ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன். மதிப்பூதியத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். "சேவைதானே சார்" என்று இழுக்காதீர்கள். கல்லூரிக்கு வரும் சிறப்புப் பேச்சாளருக்கு என்ன கொடுப்பீர்களோ அதற்குக் குறையக் கூடாது. சால்வை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து அனுப்பினால் எதைச் சொல்லித்தர நிகழ்ச்சி நடத்தினீர்களோ அதையே கெடுத்த மாதிரி.

3. தேதி

மார்கழிதான் சரி. செமஸ்டர் திறந்து, பொங்கலுக்கு முன்னால் வரும் ஜனவரி முதல் வாரம் மிகவும் தோது. கதவு ஜன்னலை எல்லாம் மூடி, கறுப்புத் துணி போட்ட அறையில் எட்டுப் பேர் நின்றாலே வேர்த்துக் கொட்டும். மின்விசிறி போட்டால் அதன் இரைச்சலில் வழிகாட்டிக்குக் காது அடைத்துவிடும், மாணவருக்கும்தான். வெயில் காலத்தில் இதை நினைத்தே பார்க்காதீர்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் வீடு, சமையல்காரர், வண்டி எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். தை பிறந்துவிட்டால் முகூர்த்தம் ஒரு பக்கம், பழனிப் பாதயாத்திரை இன்னொரு பக்கம்.

அக்டோபர் 15 உலக வெள்ளைக்கோல் தினம். அன்றைக்கு வைக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். நல்ல வழிகாட்டிகளை அன்று வேறு யாராவது முன்பே பேசி வைத்திருப்பார்கள், மழையும் வரும். விடுங்கள்.

முதல் தொலைபேசிப் பேச்சிலிருந்து நிகழ்ச்சி நாள் வரைக்கும் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி கையெழுத்துகளுக்கே போய்விடும்.

4. இடம்: செட்டிநாட்டு வீடா, கல்லூரி அரங்கா?

பெரிய வீடு ஒன்றில் நடத்தினால் எப்படி இருக்கும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். காலடியில் ஆத்தங்குடிக் கல்லின் குளுமை, தூணைத் தொட்டால் தேக்கின் வழவழப்பு, குரல் எதிரொலிக்கும் விதம் எல்லாம் இருட்டில் அபாரமாக இருக்கும். ஆனால் முதல் தடவையே வேண்டாம் என்பேன்.

ஒன்று, வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித்தான் அறைகள் எல்லாம். பகலில் அதை இருட்டாக்கவே முடியாது. இரவில் நடத்தலாம் என்றால், விடுதி மாணவிகள் வாசல் மூடுவதற்குள் திரும்ப வேண்டும், ஊரிலிருந்து வருபவர்களுக்குக் கடைசிப் பேருந்து. வளவை ஒட்டிய உள்ளறைகளில் ஜன்னல் கிடையாது, இருட்டு சுலபம். ஆனால் எட்டுப் பேர் கோலோடு நிற்க அங்கே இடம் போதாது.

இரண்டு, நிலைப்படி. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே காலைத் தூக்கி வைத்துத் தாண்ட வேண்டிய நிலை உண்டு. வீட்டுக்குள் செருப்புப் போட மாட்டோம். வெறுங்கால் விரல் எத்தனை நிலையில் இடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரிய பொறி, பங்காளிகள். வீடு ஒருவருடையதாக இருக்காது. ஊரில் இருக்கும் ஆச்சி சரி என்று தலையாட்டியிருப்பார், காவல்காரர் சாவியையும் கொடுத்துவிடுவார். முதல் நாள் மாலை சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒரு பங்காளி போன் போட்டு "யாரைக் கேட்டு?" என்பார். பங்குதாரர்கள் எல்லோரின் சம்மதமும் எழுத்தில், குறைந்தது அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியாகவாவது, கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதனால் முதல் முறைக்குக் கல்லூரிக் கருத்தரங்கக் கூடம் போதும். தரைத்தளத்தில், ஏறக்குறைய 60 அடிக்கு 30 அடி, இரண்டு வாசல் உள்ளதாக இருக்கட்டும். ஒன்று உள்ளே வர, ஒன்று வெளியே போக. பந்தல்காரரிடம் சவுக்குக் கம்பும் கறுப்புத் துணியும் வாங்கி நடுவில் தடுத்தால் மூன்று நான்கு 'அறைகள்' கிடைக்கும். செட்டிநாட்டு வாசம் வேண்டும் என்றால் அதைப் பொருள்களில் கொண்டுவரலாம்.

5. கடிதங்களும் கையெழுத்துகளும்

கல்லூரி முதல்வருக்குத் தரும் விண்ணப்பத்தில் 'இருட்டறை நிகழ்ச்சி' என்று மொட்டையாக எழுதினால் கோப்பு அப்படியே நிற்கும். ஆணும் பெண்ணும் இருட்டில் ஒன்றாக இருப்பதா என்ற கேள்வியை யாரும் எழுத்தில் கேட்க மாட்டார்கள், ஆனால் கையெழுத்தும் போட மாட்டார்கள். நீங்களே முந்திக்கொண்டு பதிலை எழுதிவிடுங்கள்: மாணவியர் குழு தனி, அதற்குப் பெண் வழிகாட்டி. ஒவ்வொரு குழுவோடும் உள்ளே ஒரு ஆசிரியர். கேமரா ஓடிக்கொண்டிருக்கும், அகச்சிவப்பு உள்ள கேமரா இருட்டிலும் பதியும் என்பது மாணவர்களுக்கு முன்பே சொல்லப்படும். இப்படி எழுதியதும் எங்களுக்குக் கோப்பு நகர்ந்தது. மாணவியரின் பெற்றோரும் இதைத்தான் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

மற்ற தாள்கள்:

மாணவர் ஒப்புதல் படிவம். இதில் உடல்நிலை பற்றிய கேள்விகள் கட்டாயம்: வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, மூடிய இடத்தில் பயம், உணவு ஒவ்வாமை. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள், பிறந்த தேதியைப் பாருங்கள். வர விருப்பமில்லாதவரை வருகைப் பதிவைக் காட்டி மிரட்டாதீர்கள்.

வழிகாட்டிகளிடமிருந்து மதிப்பூதியத்துக்கு பான் அட்டை நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். கணக்குப் பிரிவில் இங்கே ஒரு சிக்கல் வரும். பார்வையற்றவர் என்றதும் மை டப்பாவை எடுப்பார்கள், கைநாட்டு, சாட்சி என்பார்கள். கையெழுத்துப் போடுபவரிடம் கைநாட்டுக் கேட்பதைப் போல அவமானம் வேறில்லை. முன்கூட்டியே அவரிடம் கேட்டு, கணக்குப் பிரிவுக்கும் சொல்லி வையுங்கள். மதிப்பூதியத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

அழைப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, முத்திரை குத்தி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் நம் அலுவலக வழக்கம். வழிகாட்டியின் கைபேசியில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் செயலிக்கு அது ஒரு படம், அவ்வளவுதான். அதில் உள்ள எழுத்தை அது ஒழுங்காக வாசிக்கும் என்று நம்ப முடியாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பும் அப்படியே, உளறலாகத்தான் கேட்கும். யூனிகோடில் அடித்த எழுத்தாகவே ஒரு நகலை அனுப்புங்கள். ஒப்பந்தம், நேர அட்டவணை, ரசீது எல்லாவற்றுக்கும் இதே விதி.

6. இருட்டாக்குவது

இது ஒரு நாள் வேலை என்று நினைக்காதீர்கள், இரண்டு நாள் பிடிக்கும். விவசாயத்துக்கு விற்கும் கனமான கறுப்பு பாலிதீன் ஷீட்டை ஜன்னலில் இரட்டையாக ஒட்டி, அதன் மேல் துணி. வாசலில் ஒரு திரை போதாது. நாலடி இடைவெளியில் இரண்டு திரை தொங்கவிட்டால்தான் ஒருவர் நுழையும்போது வெளிச்சம் கூடவே உள்ளே வராது.

ஒட்டி முடித்ததும் உள்ளே போய் "ஆகா, இருட்டு" என்று உடனே வெளியே வந்துவிடாதீர்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். பாய் விரித்து இருபது நிமிடமாவது உட்காருங்கள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்: சுவிட்சில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு, ஏசியின் எண், புரொஜெக்டர், வைஃபை பெட்டி, கதவின் கீழ் இடுக்கு. மின்சாதன விளக்குகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப், இடுக்குக்குச் சுருட்டிய துணி. எந்த நேரத்தில் நிகழ்ச்சியோ அதே நேரத்தில் சோதியுங்கள். மாலையில் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனால், காலை பத்து மணிக் கிழக்கு வெயில் காறித் துப்பும்.

வெளிச்சம் வேண்டியபோது உடனே வர வேண்டும். சோக் வைத்த பழைய குழல்விளக்கு மினுக்கி மினுக்கி எரிவதற்குள் பயந்த பிள்ளை ஓடிவிடும். நேரடி எல்இடி பல்புகளை மாட்டி, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒருவரை நாள் முழுக்க உட்கார வையுங்கள். அவர் டீ குடிக்கப் போகும்போது மாற்று ஆள். யாராவது "விளக்கு" என்று கத்தினால் காரணம் கேட்காமல் போட வேண்டும். மெழுகுவர்த்தி, சாம்பிராணி எதுவும் உள்ளே கூடாது, சுற்றிலும் பாலிதீன்.

7. பாதையில் என்ன வைப்பது

இதைத் தீர்மானிப்பதும் வழிகாட்டிகள்தான். முதல் நாளே வந்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள், அதற்கும் சேர்த்தே ஊதியம். நாம் வைத்த பாதையில் பாதியை அவர்கள் மாற்றுவார்கள். மாற்றட்டும்.

எங்கள் பாதை நான்கு நிறுத்தம். முதலில் பேருந்து நிலையம். அங்கே கைபேசியில் பதிவுசெய்த "தேவகோட்டை தேவகோட்டை", "திருப்பத்தூர் மதுரை" கூப்பாடும் என்ஜின் சத்தமும் இரண்டு ஸ்பீக்கரில். எந்தப் பக்கம் எந்த வண்டி என்று மாணவர்கள் சொல்ல வேண்டும். அடுத்து, ஓலைக் கொட்டான், கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல், மரவை என்ற மரப்பாத்திரம், இடியாப்ப உழக்கு என்று தொட்டுப் பார்க்கும் மேசை. அதற்குப் பக்கத்தில் மசாலா: கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு தனித்தனிக் கிண்ணத்தில். வீட்டில் தினமும் சாப்பிடும் பிள்ளைகளே மராட்டி மொக்கை மூக்கில் வைத்துக்கொண்டு திணறுவார்கள். மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம், கண்ணில் படும்.

மூன்றாவது சந்தை. சத்தம் இங்கேதான் அதிகம், படிப்பும் இங்கேதான். முருங்கைக்காய், கத்தரிக்காய், சின்ன வெங்காயம் வாங்கி, நிஜ ரூபாய் கொடுத்து, மீதி வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டாவது வழிகாட்டி. மாணவன் நீட்டும் தாளை அவர் வாங்கி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே செருகி, விரல் நுனியிலிருந்து தாள் எவ்வளவு தாண்டுகிறது என்று கட்டைவிரலால் ஒரு தடவு தடவுகிறார். "இது இருநூறு தம்பி, நீங்க நூறுன்னு குடுத்தீங்க." புதிய வரிசையில் நூறு ரூபாய்த் தாள் 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐந்நூறு 150. வித்தியாசம் நான்கே மில்லிமீட்டர். அதோடு ஓரத்தில் மேடான கோடுகள் உண்டு. நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து, இருநூறில் நான்கு கோடும் நடுவே இரண்டு வட்டமும். புதுத்தாளில் இது விரலுக்குத் தட்டுப்படும், சந்தையில் புழங்கிய கசங்கல் தாளில் தேய்ந்துபோயிருக்கும். போதாக்குறைக்குப் பழைய நூறு ரூபாய்த் தாள் 157 மில்லிமீட்டர், புதிய ஐந்நூறைவிட நீளம். பழசும் புதுசும் கலந்தே வையுங்கள், அப்போதுதான் வடிவமைப்பில் ஒரு சின்ன முடிவு யாரை எப்படிப் படுத்துகிறது என்று விரலுக்கே தெரியும். தாள்களை எண்ணி எழுதி வைத்து, ஒவ்வொரு குழு முடிந்ததும் சரிபாருங்கள்.

கடைசியில் பலகாரக் கடை. சூடான டீ, காபி கூடாது. பானகம், சீடை, மனகோலம், தேன்குழல் போதும். எண்ணெய் வழியும் பணியாரத்தை விட்டுவிடுங்கள், துணியெல்லாம் பாழ். தட்டில் எது எங்கே என்று கடிகார முள்ளைச் சொல்லி வழிகாட்டி விளக்குவார்: "மூணு மணிப் பக்கம் சீடை, ஒன்பது மணிப் பக்கம் தேன்குழல்." மாணவர்கள் நன்றாகப் பேசுவது இங்கேதான், அவசரப்படுத்தாதீர்கள்.

8. அன்றைய நாள்

ஒரு குழுவில் எட்டுப் பேர், ஒரு நடைக்கு நாற்பது நிமிடம். அரை மணிக்கு ஒரு குழுவை உள்ளே விட்டால், அறுபது பேருக்கு எட்டுக் குழு, காலை 9.30க்குத் தொடங்கினால் 1.45க்குள் முடியும். மூன்று வழிகாட்டிகள் மாறி மாறி ஓய்வெடுக்கலாம். நான்கு மணி நேரம் விடாமல் பேசி நடப்பது சும்மா இல்லை. சந்தைக் கடையிலும் ஒருவர் உட்கார வேண்டும் என்பதால் நேர அட்டவணையை அவர்களோடு உட்கார்ந்தே போடுங்கள். நெருக்கடியாக இருந்தால் நான்காவது ஆளைச் சேருங்கள்.

வாசலில் கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், இருட்டில் மினுங்கும் முள் கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் பெயர் எழுதிய உறையில் போட்டு ஒப்படைக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்ற மறுப்பார்கள். இருட்டில் முகத்தில் இடித்தால் உடையும் என்று சொன்னால் போதும்.

உள்ளே போகும் முன் ஐந்து நிமிடம் வெளிச்சத்திலேயே பழக்குங்கள். கோலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது, தரையை ஒட்டி இடமும் வலமும் மட்டும். வழிகாட்டியின் முழங்கையை மாணவர் பிடிக்க வேண்டும், வழிகாட்டி மாணவரை இழுக்க மாட்டார். பேசும்போது முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் யாருக்கும் தெரியாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லோரும் வழுக்குவார்கள்.

ஒரு குழுவுக்கு ஒருவராவது முதல் மூன்று நிமிடத்தில் "முடியல" என்பார். கூட்டி வந்துவிடுங்கள், அங்கேயே சமாதானம் பேச வேண்டாம். வெளியே தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தால் பாதிப் பேர் அடுத்த குழுவோடு தாங்களாகவே உள்ளே போவார்கள்.

9. செலவு

அறுபது பேருக்கு எங்களுக்கு ஆன கணக்கு, ஏறக்குறைய:

வழிகாட்டிகள் மூன்று பேருக்கு மதிப்பூதியம் 7,500 ரூபாய். மதுரையிலிருந்து கார் வர, போக 4,500. கறுப்புத் துணி, ஷீட், பந்தல் கம்பு 4,000. டேப் 600. மடக்கும் வெள்ளைக்கோல் பத்து, 4,000. தின்பண்டமும் பானகமும் 3,600. முதலுதவி, காய்கறி, அச்சு, இதர 1,500. மொத்தம் 25,700, தலைக்கு 430க்குக் கொஞ்சம் குறைய. இரண்டாவது முறை துணி, ஷீட், கம்பு, டேப், கோல் மிச்சம், 17,100இல் முடியும்.

நாட்டு நலப்பணித் திட்ட நிதியிலிருந்து எடுக்கலாம் என்று நம்பி இறங்காதீர்கள். எந்தத் தலைப்பில் எழுதலாம் என்று கணக்குப் பிரிவு சொன்ன பிறகு செலவு செய்யுங்கள். துணிக்கு ஜிஎஸ்டி ரசீது கேட்பார்கள், பந்தல்காரர் துண்டுச்சீட்டில்தான் எழுதித் தருவார். முதலிலேயே பேசி வைத்தால் தலைவலி இல்லை.

10. மதியம்தான் வகுப்பு

காலை நடையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் "சூப்பர் எக்ஸ்பீரியன்ஸ்" என்று ஸ்டேட்டஸ் போடுவதோடு சரி. சாப்பிட்டதும் 2.30க்கு உட்காருங்கள், வழிகாட்டிகளும் இருக்கட்டும். "எப்படி உணர்ந்தீர்கள்?" என்று ஆரம்பித்தால் அழுகையும் பரிதாபமும்தான் வரும். "வழிகாட்டி எதை வைத்து வழி கண்டுபிடித்தார்?" என்று கேளுங்கள். தரை மாறியது, ஸ்பீக்கர் இடப்பக்கம் இருந்தது, மசாலா வாசம் வந்ததும் திரும்பினார் என்று ஒவ்வொன்றாக வரும். பிறகு வழிகாட்டிகளின் வேலை, படிப்பு, கைபேசி பயன்படுத்தும் விதம் பற்றிக் கேட்கட்டும். "பிறவியிலிருந்தேவா சார்?" என்ற கேள்வியை முதல் கேள்வியாக விடாதீர்கள்.

வணிகவியல் மாணவர்களுக்கு மேலே உள்ள கணக்கையே கொடுத்துவிடுங்கள். டிக்கெட் நூறு ரூபாய் வைத்தால் அறுபது பேருக்கு 6,000 வரும். மீதி யார் கொடுப்பது? 17,100 என்றாலும் ஒருவருக்கு 285 ரூபாய் வைக்க வேண்டும், காரைக்குடியில் கொடுப்பார்களா? கொடுக்காவிட்டால் வழிகாட்டியின் ஊதியத்தைக் குறைப்பதா, நிறுவனங்களுக்குப் பயிற்சி வகுப்பாக விற்பதா, கானாடுகாத்தானுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளைப் பிடிப்பதா? ஹைதராபாத்தில் அதை மாலில் வைத்ததும், கம்பெனி ஊழியர்களுக்குப் பயிலரங்கம் நடத்துவதும் ஏன் என்று யாரும் விளக்காமலே பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். சமூக நிறுவனம் என்றால் தானதர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் சம்பளப் பட்டியலைப் பற்றிச் சண்டை போடுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

11. வளாகத்தை ஒரு சுற்று

நேரம் இருந்தால் நான்கு மணிக்கு வழிகாட்டிகளோடு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். மாணவர்கள் கையில் நோட்டு. சாய்தளத்தின் குறுக்கே நிற்கும் பைக்குகள், அறிவிப்புப் பலகையில் மட்டுமே ஒட்டப்படும் தேர்வு அட்டவணை, தளம் எதுவென்று பேசாத லிப்ட், ஒரு படி மட்டும் உயரம் கூடின மாடிப்படி எல்லாம் எழுதப்பட வேண்டும். முக்கியமாகத் தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பவற்றைப் பாருங்கள். வராந்தாவில் மாட்டிய ஏசி வெளிப்பெட்டி, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தாழ்ந்த வேப்பங்கிளை. கோல் தரையில் இருப்பதைத்தான் சொல்லும், நெற்றிக்கு நேரே இருப்பதைச் சொல்லாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி இவற்றைச் சரிசெய்வது கல்வி நிறுவனத்தின் கடமை. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் குறைந்தது 5 சதவீத இடங்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. அதனால் பட்டியலை 'கோரிக்கை' என்று தலைப்பிட்டுக் கொடுக்காதீர்கள். சட்டப் பிரிவையும் எதற்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் சேர்த்து முதல்வரிடம் கொடுங்கள். செலவே இல்லாதவற்றை, அதாவது பைக் நிறுத்தத்தையும் தேர்வு அட்டவணையை யூனிகோடில் அனுப்புவதையும், மேலே எழுதுங்கள். அவை அந்த வாரமே நடக்கும்.

மதிப்பூதியம் கணக்கில் ஏறிவிட்டதா என்று நீங்களே வழிகாட்டிகளுக்குப் போன் செய்து கேளுங்கள். புகைப்படங்களை அனுப்பும்போது ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.